கொடியேற்ற நாளில் ஒரு சாவு

கிரேக்க மொழி எனக்குத் தெரியும் என்று காஞ்சிபுரத்தில் நாலைந்து ஆண்டுகள் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். உண்மையில் அதன் இருபத்து நான்கு எழுத்துகளில் பதினேழுதான் எனக்குத் தெரியும். அதிலும் பாதி, கணக்குப் பாடம் படித்த எவருக்கும் தெரிந்தவை. மீதி ஏழில் ஒன்று எதிர்ப்பட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அறுபதுகளின் பிற்பகுதி. தனித்தேர்வராக எம்.ஏ. எழுதிவிட்டால் கல்லூரிக்குத் தாவிவிடலாம் என்று ஒரு கனவு. அந்தத் தேர்வில் ஒரு தாள் பழைய கிரேக்கக் காவியங்களைப் பற்றியது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு தடித்த புத்தகங்கள். ஒன்று, ஒரு கோட்டையைப் பத்து வருடம் முற்றுகையிட்ட சண்டை. மற்றது, அந்தச் சண்டை முடிந்து வீடு திரும்ப இன்னொரு பத்து வருடம் எடுத்துக்கொண்ட ஒருவனின் கதை. இரண்டாவது கதையை என் மனைவிக்குச் சொன்னபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “பத்து வருஷமா? நடுவுல ஒரு கடுதாசி போட்டா கை தேஞ்சிடுமா?” என்றாள். அந்தக் காவியத்தைப் பற்றி நான் பின்னால் படித்த விமர்சனங்களில் இவ்வளவு நறுக்கென்று எதுவும் இல்லை.

புத்தகத்தின் பின்பக்கத்தில் கிரேக்க எழுத்துகளின் அட்டவணை இருந்தது. அதைப் பார்த்து என் பெயரை சைக்கிள் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எழுதினேன். பள்ளியில் ஒருவர் என்ன எழுத்து என்று கேட்டார். கிரேக்கம் என்றேன். தெரியுமா என்றார். “ஏதோ கொஞ்சம்” என்றேன். நம் ஊரில் ‘ஏதோ கொஞ்சம்’ என்பதை யாரும் ஏதோ கொஞ்சம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

என் குட்டு தெரிந்தவர் ஒரே ஒருவர், கணக்கு ஆசிரியர். கூரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நிலபுலம் உள்ள சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் மாலை நேரத்து விவாதங்கள் எதிலும் அவர் முடிவு வரை இருந்ததில்லை. அதனால் யாரிடமும் தோற்றதும் இல்லை. கிரேக்க எழுத்துகளில் என்னைவிட இரண்டு அவருக்குக் கூடுதலாகத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் நட்பு.

நான் அவரிடம் அடிக்கடி புலம்புவேன். அந்தப் பெரிய வீரனை எப்போது குறிப்பிட்டாலும் ‘விரைந்த காலினன்’ என்றே சொல்கிறது காவியம். கூடாரத்துக்குள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த காலினன்தான். “உக்காந்துக்கினு இருக்கறவனுக்கு கால் எப்பிடி சார் வேகமா போவும்?” என்றார் கணக்கு ஆசிரியர். அதற்குப் பதில் முன்னுரையில் இருந்தது. இந்தக் காவியங்கள் எழுதப்பட்டவை அல்ல, கூட்டத்தின் முன்னால் நின்று அப்போதைக்கு அப்போதே கட்டிப் பாடப்பட்டவை. இப்படிப்பட்ட தயார்ச் சொற்கள் பாடகனுக்குப் பிடிமானம். நான் இதை விளக்கி முடித்ததும் அவர் சாவகாசமாகச் சொன்னார்: “எங்க ஊர் அம்மன் கோயிலுக்குக் கதை சொல்ல வர்ற பிரசங்கியாரும் அப்பிடித்தான். வந்து பாருங்க. மத்தியானம் ரெண்டு மணியிலேந்து அஞ்சு வரைக்கும்.”

போனேன். அவருடைய ஊரில் கோடை தோறும் பன்னிரண்டு நாள் விழா. ஐந்து அண்ணன் தம்பிகளும் நூறு பங்காளிகளும் அடித்துக்கொள்ளும் அந்தப் பெரிய கதையைத் தினம் மூன்று மணி நேரமாகப் பன்னிரண்டு நாளில் சொல்லி முடிப்பார்கள். சொல்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். விழாக்காலம் போக மற்ற மாதங்களில் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவர். ஒரு பக்கம் ஆர்மோனியம், ஒரு பக்கம் மிருதங்கம். கையில் ஏடு கிடையாது, புத்தகம் கிடையாது. கொட்டகையின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர் ஒரே அடைமொழியை எத்தனை தடவை சொல்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் அவரே என்னிடம் வந்துவிட்டார்.

“இன்னா சார், சென்சஸா?”

விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ‘வில்லெடுத்தால் விடாதவன்’ என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மூச்சு வாங்க வேணாவா? அதைச் சொல்லிக்கினு இருக்கும்போதே அடுத்த அடி மனசுல வந்து நின்னுக்கும்” என்றார்.

முன்னுரை எழுதிய பேராசிரியர் நாற்பது பக்கம் எடுத்துக்கொண்ட விஷயம் அது.

இன்னொன்றும் அங்கேதான் எனக்கு விளங்கியது. கிரேக்கக் காவியத்தில் போருக்கு எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை கப்பல் வந்தது என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். அதை நான் இரண்டு தடவையும் கொட்டாவியோடு தாண்டிப் போயிருந்தேன். பிரசங்கியாரும் படை திரட்டும் நாளில் ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களையும் வரிசையாகக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் கூரத்து ராஜாவையும், திருப்புட்குழி ராஜாவையும், செவிலிமேட்டு ராஜாவையும் சேர்த்துக்கொண்டார். தன் ஊர்ப் பெயர் வந்ததும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு சீழ்க்கை. வராத ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியலை யார் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று முதல் முறையாகத் தெரிந்தது. தன் ஊர் வருமா வராதா என்று இருப்பவனுக்குப் பட்டியல் அலுக்காது. நான் அலுத்துப்போனதற்குக் காரணம், அதில் என் ஊர் இல்லை.

இதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு பிரசங்கியார் என் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அந்த ஊரில் விழாவின் கடைசி நாள் தர்மகர்த்தா தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கொடுப்பார். கொடுத்தால் அடுத்த வருடமும் அவர்தான் என்று பொருள். பத்தொன்பது வருடமாக அந்தத் தாம்பூலம் அவருக்கே வந்திருந்தது. இந்த வருடம் சந்தேகம். ஆற்காட்டுப் பக்கம் ஓர் இளைஞர் கிளம்பியிருக்கிறாராம். சினிமா மெட்டில் பாடுகிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம்.

“இந்த ஊர் கைவிட்டுதுன்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் விட்டுடும் சார். அப்பறம் எனக்குத் தறி மட்டும்தான். தறி சோறு போடும், இல்லன்னு சொல்லல. ஆனா வாயைத் தெறக்க வேலை இல்ல அங்க.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க கிரேக்கத்துல ஜனத்தைப் புடிச்சி உக்கார வைக்க எதுனா வழி இருக்குதா?” என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாக என் கிரேக்கம் ஒருவருக்குத் தேவைப்பட்டது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இருக்கிறது என்றேன். அந்தக் கிரேக்கக் கவிஞர் பத்து வருடச் சண்டையை முதல் வருடத்திலிருந்து சொல்லவில்லை. பத்தாவது வருடத்தில், இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தில், தடாலென்று கதவைத் திறந்துகொண்டு நுழைகிறார். நடுவில் தொடங்கு, முன்கதையைப் போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம். அதுதான் ரகசியம். கவிஞருக்குப் பார்வை கிடையாது என்றும் ஓர் ஐதீகம் உண்டு என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஐயோ பாவம். யார் கையப் புடிச்சி மேடை ஏத்துவாங்க?” என்றார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். “தறியில நெட்டு இழை இழுத்துப் பாவு கட்டாம நடுவுலேந்து நெய்ய முடியுமா சார்?”

“பாவு ஏற்கெனவே கட்டியாச்சு. ஜனங்களுக்குத்தான் கதை முழுக்கத் தெரியுமே. அவங்க மனசுல கட்டி இருக்கு. நீங்க எங்கே வேணும்னாலும் குறுக்கே நாடாவை ஓட்டலாம்” என்றேன்.

இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே புல்லரித்தது. அவருக்கும் கொஞ்சம் புல்லரித்திருக்க வேண்டும். காப்பியைக் குடித்தார்.

பதினாறு வயதுப் பையன் சக்கரம் போல வகுத்த படைக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் சாகும் இடத்தில் தொடங்குவது என்று இருவருமாகத் தீர்மானித்தோம். வழக்கமாகப் பதினோராம் நாளில் வர வேண்டியது.

முதல் நாள் காலை கோயிலில் கொடியேற்றி, காப்புக் கட்டினார்கள். மத்தியானம் கொட்டகை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பெண்கள் பித்தளைத் தட்டுகளில் மஞ்சள், சர்க்கரை, வெற்றிலை, ஒரு முழம் பூ என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் காலில் மாவிலை கட்டிய ஒரு சின்னத் தொட்டில் தொங்கியது. நான் பார்த்தேன். அலங்காரம் என்று நினைத்தேன். முந்தைய ஆண்டு நான் போய்ச் சேர்ந்தது இரண்டாம் நாளில்தான், படை திரட்டிய நாளோடு திரும்பியும்விட்டேன்.

பிரசங்கியாரும் பார்த்தார். மேடையில் ஏறி உட்கார்ந்தவர் தட்டுகளைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பிறகு கொட்டகையின் ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆகட்டும் என்று தலையசைத்தேன்.

சொல்லத்தான் வேண்டும், அன்றைக்கு அவர் சொன்னது போல நான் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. வணக்கம் பாடிய கையோடு போர்க்களத்தில் இறங்கினார். தேர்ச் சக்கரம் முறிந்தது, கத்தி முறிந்தது. கடைசியில் பையன் முறிந்த சக்கரத்தையே கையில் தூக்கிக்கொண்டு நின்றான். பாவில் இழை இழையாக அறுவது போல அவன் பலம் அறுந்தது என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் நோட்டில் ‘வெற்றி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பையன் விழுந்தான். ஆர்மோனியம் நின்றது. முன்வரிசையிலிருந்து தர்மகர்த்தாவின் அக்காள் எழுந்து நின்றாள்.

“இன்னாப்பா இது? கொடி ஏறி இன்னும் கஞ்சி குடிக்கல, அதுக்குள்ள எழவு சொல்லிட்ட?”

“இல்லம்மா, இது வந்து…”

“அஞ்சு அண்ணன் தம்பிங்க பொறந்த கதைக்கு சக்கரை எடுத்தாந்தோம். தொட்டில் கட்டி வச்சிருக்குது. அவன் அப்பனே இன்னும் பொறக்கல, புள்ளய சாவடிச்சிட்டியே!”

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: “அஞ்சாம் நாளு அவன் அப்பன் ஆத்தாளுக்குக் கல்யாணம் இருக்குதே. புள்ள செத்த வூட்ல கல்யாணம் எப்பிடி பண்றது?”

“காரியம் முடியணும்.”

“பதினாறாம் நாளாச்சே காரியம்!”

“திருவிழாவே பன்னெண்டு நாளுதான்பா!”

“கணக்கு உதைக்குது” என்று என் காதருகில் கணக்கு ஆசிரியர் முணுமுணுத்தார்.

அதற்குள் கொட்டகை காலியாகிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, குளிக்கப் போகிறார்கள். சாவு கேட்டால் தலை முழுக வேண்டுமே. ஊரே ஏரிக்கரைப் பக்கம் நடந்தது. தட்டுகள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பின. ஓர் இளம் மருமகள் மட்டும் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொட்டிலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏன் அந்தத் தட்டை எடுத்து வந்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் குழந்தை இல்லை என்று கணக்கு ஆசிரியர் சொன்னார்.

“கதைதானே சார்?” என்றேன் அவரிடம், பலவீனமாக.

“அதை ஏரிக்கரையில போய் சொல்லுங்க” என்றவர், அந்தக் கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர், தன் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்.

தர்மகர்த்தா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஈரத் துண்டோடு வந்து பிரசங்கியாரிடம், “நாளைக்கு ரெண்டு மணிக்கு இதுக்கு ஒரு வழி சொல்லு. இல்லன்னா ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பறோம். உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல” என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பி இரண்டு காவியங்களையும் புரட்டினேன். இறந்தவனுக்குச் சிதை மூட்டிய பிறகு கிரேக்கர்கள் ஓட்டப் பந்தயம் நடத்துகிறார்கள், மல்யுத்தம் நடத்துகிறார்கள். நமக்கு உதவாது. இருந்தாலும் மூன்று பக்கம் யோசனைகள் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பிரசங்கியார் அந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டார். ஆர்மோனியத்தின் ஒரு மூலை ஆடிக்கொண்டிருந்தது. என் மூன்று பக்கங்களையும் எட்டாக மடித்து அதன் கீழே செருகினார். ஆட்டம் நின்றது.

இரண்டு மணிக்கு ஊர் வந்திருந்தது. தட்டு யாரிடமும் இல்லை. ஆண்கள் பலர் உட்காரவே இல்லை.

அவர் மெல்ல ஆரம்பித்தார். ஒரு பெண், இன்னும் கல்யாணமாகாதவள், வாசலில் நிற்கிறாள். கூடையும் கோலுமாக ஒரு குறிகாரி வருகிறாள். கையைக் காட்டு என்கிறாள். கையைப் பிடித்தவள் விடவில்லை. பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உனக்கு ஒரு மகன் பிறப்பான் என்கிறாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறாள். இவள் விடுவாளா? சொல்லு, சொல்லு என்கிறாள். குறிகாரி சொல்கிறாள்.

பிரசங்கியார் நிறுத்தினார்.

“நேத்து நீங்க கேட்டது அதான்மா. நடந்தது இல்ல. குறிகாரி பாத்து சொன்னது. நடக்கறதுக்கு இன்னும் நாளு இருக்குது. புள்ள இன்னும் பொறக்கல.”

தர்மகர்த்தாவின் அக்காள்தான் கேட்டாள்: “அப்ப நேத்து தலை முழுவுனது?”

“முன்னாடியே முழுவிட்டீங்க. அன்னைக்கு ஒரு முழுக்கு மிச்சம்.”

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். தட்டை எடுத்துவர யாரோ ஒரு மருமகளை வீட்டுக்குத் துரத்தினார்கள். சற்று நேரத்தில் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நேற்று தொட்டிலுக்குக் கீழே நின்றவளின் தட்டும் வந்தது. அவர் கதையை முதலிலிருந்து எடுத்தார்; ஐந்து பிள்ளைகளும் பிறந்தார்கள், தொட்டிலை ஆட்டினார்கள், சர்க்கரை கொடுத்தார்கள். எனக்கும் ஒரு சிட்டிகை வந்தது. கொடுத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வது. ஐந்தாம் நாள் கல்யாணத்துக்குப் பெண்கள் சீர் கொண்டுவந்தார்கள். மணப்பெண் அந்தக் குறி கேட்டவள். எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தே மணையில் உட்காருகிறாள். மேளம் வாசிக்கும்போதே முன்வரிசையில் அழுதார்கள். பையன் பிறந்தபோது அழுதார்கள், முதல் வில்லைத் தூக்கியபோது அழுதார்கள். பதினோராம் நாள் பிரசங்கியார் அந்தச் சாவைச் சொல்லவே இல்லை. “குறிகாரி சொன்ன நாள் வந்துது” என்றார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். ஆர்மோனியக்காரரும் கையை எடுத்துவிட்டார்.

கிரேக்கக் கவிஞர் யார் யார் சாகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், அதனால் ஆவல் குறையவில்லை, கூடுகிறது என்ற ஒரு வரியை நான் இரண்டு வருடமாகச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். கோடு போட்டதற்குக் காரணம், அது தேர்வுக்கு வரும் என்பது. அதன் பொருள் அந்த மௌனத்தில்தான் வந்து சேர்ந்தது. அந்த ஊரில் யாரும் கதையைக் கேட்க வருவதில்லை. பிறப்புக்குச் சர்க்கரையோடு வருகிறார்கள், சாவுக்குக் குளித்துவிட்டுப் போகிறார்கள். கதை அவர்களுடைய வீட்டில் நடக்கிறது. கப்பல் பட்டியலில் தன் ஊருக்குக் காத்திருந்தவனும் அப்படித்தான் இருந்திருப்பான். நான் மட்டும்தான் நோட்டுப் புத்தகத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தவன்.

கடைசி நாள் தர்மகர்த்தா தாம்பூலத் தட்டை நீட்டினார். பிரசங்கியார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஆற்காட்டுக்காரரு பாட்டு நல்லாத்தான் பாடறாரு. ஆனா நீ மாட்டிக்கினா வெளிய வர்ற” என்றார் தர்மகர்த்தா.

தேர்விலும் நான் எப்படியோ தேறிவிட்டேன். நடுவில் தொடங்கும் உத்தியைப் பற்றியே கேள்வி வந்தது. நாலு பக்கம் எழுதினேன். ஏரிக்கரைக்கு ஊர் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

முடிவு வந்ததும் ஒரு பொட்டலம் இனிப்போடு பிரசங்கியாரைப் பார்க்கப் போனேன். தறியில் இருந்தார். பாவின் மேல் கண்ணை வைத்தபடியே, காலால் மிதித்துக்கொண்டே பேசினார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் பங்கு கேட்கத் தோன்றியது.

“எப்படியோ, அந்தக் கிரேக்கக் கவிஞர்தான் உங்களைக் காப்பாத்தினார். நடுவில் தொடங்கினதாலேதானே அவ்வளவும் நடந்தது?” என்றேன்.

குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

“அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களே சார். அதான், முன்னாடி யாரு தட்டோட குந்தியிருக்காங்கன்னு பாக்காம நடுவுல ஆரம்பிச்சிட்டாரு. உங்களுக்கு இன்னா சார் ஆச்சு?”